இருபத்து நான்கு முப்பத்தைந்து

எட்டாந்தெருவில் ஏன் இரண்டு நிமிடம் பிந்தினாய்
என்று கேட்கிறார் டரில்.
பனி என்கிறேன். சக்கர நாற்காலி ஏறியது என்கிறேன்.
இரண்டையும் படிவத்தில் எழுதிக்கொள்கிறார்.

நேற்று ஆறு மணிக்குப் பாலம் ஏறியபோது
முன்கண்ணாடி நிறைய நின்றது முழுநிலவு.
இன்று ஆறு மணிக்குக் காணோம்.
ஏழு மணிச் சுற்றில்தான் வந்தது.
அதற்குப் படிவம் இல்லை.

சஸ்கட்டூனில் எனக்கு இது பதினோராவது குளிர்காலம்.
என் தடம் ஒரு வளையம்,
சுற்றுக்கு ஒரு மணித்தியாலம்.
மரிவிக்கை அந்த வளையத்தில்தான் தெரியும்.
பல் மருத்துவமனையைத் துடைத்து முடித்து வெளியே வருவாள்.
நின்றால் கால் விறைக்கும்;
பஸ் தவறினால் நடப்பாள்,
நான் போகும் திசையிலேயே,
இடையில் கோப்பிக் கடைக்குள் புகுந்து விரல்களை மீட்டுக்கொண்டு.
ஊரைச் சுற்றிவிட்டு அதே நிறுத்தத்துக்கு வருவேன்.
கண்ணாடிக் கூண்டு வெறுமையாக இருக்கும்.
இன்னும் இரண்டு நிறுத்தம் ஓட்டினால்
மஞ்சள் தொப்பியும் நீட்டிய கையும்.

கதவைத் திறந்தபடி ஒரு நாள்
அவள் தோளுக்கு மேலே பார்த்தேன்.
பிடிபட்டது.

பூமியும் வளையத் தடம்தான்.
நேற்று நிலவைக் கண்ட இடத்துக்கு
நேரம் தவறாமல் திரும்பி வருகிறது.
நிலவோ நடந்துவிட்டது,
நாம் சுழலும் திசையிலேயே, கிழக்கே,
நாளுக்குப் பதின்மூன்று பாகை.
ஒரு பாகை திரும்ப நமக்கு நான்கு நிமிடம்.
மிச்சத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்,
பச்சை விழுந்துவிட்டது.
பழைய கணக்கில் இரண்டு நாழிகை, சொச்சம்.

அதுவும் சராசரிதான்.
செப்டம்பரில், கோதுமை வயல்களில்
அறுவடை இயந்திரங்கள் விளக்குப் போட்டு ஊரும் வாரத்தில்,
நிலவின் பாதை அடிவானத்தை ஒட்டிப் படுத்துக் கிடக்கும்.
நடந்தாலும் விளிம்புக்குக் கீழே அதிகம் இறங்காது.
இருபது நிமிடத்தில் எட்டிப் பார்த்துவிடும்.
மார்ச்சுப் பௌர்ணமிக்கு அதே பாதை செங்குத்து.
நடந்ததெல்லாம் இறக்கம்;
பூமி எழுபது நிமிடத்துக்கு மேல் கூடுதலாகத் திரும்ப வேண்டும்.
அதே கால், கிட்டத்தட்ட அதே நடை.
என் ஓய்வறைச் சுவரில் இதை எழுதி ஒட்டலாம்,
ஆனால் யாருக்கு?

ஜனவரித் தேய்பிறை, அட்டமியை ஒட்டிய நாட்கள்.
யாரோ இருக்கையில் விட்டுப்போன பத்திரிகையில்
நிலவு உதயம்:
செவ்வாய், இரவு 11:21.
புதன், ஒரு கோடு.
வியாழன், நள்ளிரவு 12:35.
புதன்கிழமைக்கு வெறும் கோடு.
அன்றைக்கு நிலவே பிறக்காதது போல.

அந்தப் புதன் மரிவிக்கும் இல்லை.
ஒன்பது மணிச் சுற்றில் இல்லை, பத்தில் இல்லை.
பதினொன்றில் அவளுடைய நிறுத்தங்களை ஊர்ந்தே கடந்தேன்.
பின் இருக்கைப் பையன்கள்
பஸ் பழுதா என்று கேட்டார்கள்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கேட்க அவளுடைய தொலைபேசி எண்கூட என்னிடம் இல்லை.

கடைசிச் சுற்று.
கைப்பேசி வியாழன் என்கிறது.
டிப்போத் தாளில் நாள் நள்ளிரவோடு முடிவதில்லை;
கடைசிப் பஸ் கூடு திரும்பும்வரை புதன், புதன்தான்.
நான் புறப்படும் நேரம் அதில் இப்படி அச்சாகியிருக்கும்:
24:35.

வைத்தியசாலை வாசலில்,
நான் எதிர்பார்க்காத நிறுத்தத்தில், மஞ்சள் தொப்பி.
“சலவைக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது,” என்றாள்,
“இனி இந்த நேரம்தான்.”
மூச்சு வெண்புகையாய் உள்ளே வந்தது.
அவளுக்குப் பின்னால் தெருவின் கிழக்கு முனையில்
குறுக்கே அறுத்த பப்பாளிபோல் ஒரு பாதி
தானியக் களஞ்சியத்தின் கூரையில் கை ஊன்றி
மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

கதவை உடனே மூடவில்லை.
ஹீட்டர் சூடெல்லாம் வெளியே போனது.
இரண்டு நிமிடம்; நாளைக்கு டரில் கேட்கட்டும்.

பத்திரிகையை ஸ்டியரிங்கில் விரித்தேன்.
பேனா மை உறைந்திருந்தது.
வாயருகே வைத்து ஊதி,
புதனின் கோட்டுக்கு மேல் எழுதினேன்:
24:35.